ரீமிக்ஸை விடுவதா, தொடர்வதா?

மூன்று மாதமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ரீமிக்ஸ் படித்தேன். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை வைத்து வெப் ஆப் கட்டும் ஃபிரேம்வொர்க் அது. சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமாவுக்கு ஒரு ஆர்டர் ஆப் செய்து கொடுக்கத்தான். யாருக்கு எத்தனை ஜோடி, எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதெல்லாம் இப்போது ஒரு நீள நோட்டில் இருக்கிறது. ஓரமெல்லாம் கைக்கறை பட்டுக் கறுத்துவிட்டது.

அப்போதுதான் தெரிந்தது, ரீமிக்ஸ், ரியாக்ட் ஆப்பில் பக்கங்களுக்கு வழிகாட்டும் லைப்ரரியான ரியாக்ட் ரவுட்டரோடு சேர்ந்து 2024 நவம்பரிலேயே ரியாக்ட் ரவுட்டர் 7 ஆகிவிட்டது என்று. வயிறு கலங்கிவிட்டது. "விட்டுடு, நெக்ஸ்ட்.ஜேஎஸ் படி" என்று இன்னொரு ஃபிரேம்வொர்க்கைச் சொன்னான் நண்பன்.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பை ரியாக்ட் ரவுட்டர் 7-க்கு மாற்றிப் பார்த்தேன். பெரும்பாலும், லைப்ரரியை உள்ளே எடுக்கும் இம்போர்ட் வரிகளில் பேக்கேஜ் பெயர்தான் மாறியது. டேட்டாவைப் பக்கத்துக்கு அனுப்பிய ஜேசன் ஃபங்ஷன் போய்விட்டது. ஆப்ஜெக்டை நேராக ரிட்டர்ன் செய்தால் போதும். பக்கத்துக்கு வேண்டிய டேட்டாவைத் தரும் லோடர் பழையபடியே கணக்கைக் கொண்டுவந்தது, நிரப்பி அனுப்புவதைக் கையாளும் ஆக்‌ஷன் பழையபடியே ஃபார்மை வாங்கிக்கொண்டது. படித்தது எதுவும் வீணாகவில்லை என்று தெரிந்தபோது அவ்வளவு நிம்மதி.

அதே பெயரில் புதிதாக வரும் ரீமிக்ஸ் 3 ரியாக்ட்டையே விட்டு வேறு வழியில் போகிறது. அதை இப்போது தொடப்போவதில்லை.

"மாப்ள, தீபாவளி ஆர்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிருமா?" என்று நேற்று மாமா கேட்டார். முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.