அப்பாவோட மண்புழுத் தொட்டிக்கு வந்த லண்டன்காரன்

நேத்து ராத்திரி மழை விட்டதும் அப்பா டார்ச்சை எடுத்துக்கிட்டு மண்புழுத் தொட்டியை நலம் விசாரிக்கப் போயிட்டாரு. பெத்த புள்ளைங்களை சாப்டியான்னு ஒருநாள் கேட்டதில்ல, தொட்டிக்கு மட்டும் மூணு வேளையும் விசாரிப்பு. போனவரு "பாம்பு பாம்பு"ன்னு போட்ட சத்தத்துல எதிர்வீட்டு அண்ணாச்சி லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கம்போட ஓடி வந்துட்டாரு, அவருக்கு இதுக்குன்னே ஒரு கம்பு இருக்கு, மூலையில சாத்தி வச்சு எப்படா கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருப்பாரு.

பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு சாண் நீளத்துல புழு, முதுகுல கறுப்புக் கோடுங்க, தலை மட்டும் பிறை வடிவத்துல அகலமா விரிஞ்சிருக்கு, உடம்பெல்லாம் கோழை. அப்பாவோட செல்ல மண்புழு ஒண்ணைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சிருந்துச்சு. அப்பாவுக்கு வந்துச்சே கோவம், மம்பட்டியை எடுத்து சதக் சதக்னு மூணு துண்டு.

அப்பத்தான் நீட் கோச்சிங் போற எங்க வீட்டு மேடம் மாடியில இருந்து இறங்கி வர்றாங்க. "ஐயோ தாத்தா, அது பிளாட்டிஹெல்மின்தஸ்! மூணும் தனித்தனிப் புழுவா வளரும்!"

அண்ணாச்சி கம்பைக் கீழ வச்சுட்டாரு.

அப்புறம் நடந்தது கிளாஸ். கிரேக்கத்துல பிளாட்டிஸ்னா தட்டை, ஹெல்மின்ஸ்னா புழுவாம். ரத்தம் கிடையாது, நுரையீரல் கிடையாது, தோல் வழியாவே ஆக்சிஜன் உள்ள போகணும், அதனாலதான் உடம்பு தட்டையாவே இருக்குதாம். ஒவ்வொண்ணுலயும் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. வாய் தலையில இல்ல, வயித்துக்கு நடுவுல, அதுல இருந்து குழாயை வெளிய நீட்டி மண்புழுவைக் கரைச்சு உறிஞ்சிடும். கழிவுக்குத் தனி வழி இல்ல, எல்லாம் அதே வாய்தான். "தின்ன வாயாலயேவா, ச்சீ"ன்னு அம்மா உள்ள போயிட்டாங்க.

பேரு பைபாலியம் கியூவென்ஸ் மாதிரி தெரியுதுன்னு போனைப் பாத்து சொன்னா. சொந்த ஊரு தென்கிழக்கு ஆசியா, செடித்தொட்டி மண்ணுல ஒளிஞ்சு கப்பலேறிப் போனது லண்டன் கியூ கார்டன் கண்ணாடி வீட்டுல மாட்டுச்சு, 1878ல மோஸ்லிங்கிற விஞ்ஞானி அந்தத் தோட்டத்துப் பேரையே வச்சுட்டாரு. நம்மூர்ல துபாய்க்குப் போய் ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தவன் ஆயுசுக்கும் துபாய் செல்வமாயிடுவான்ல, அதே கதைதான்.

அண்ணாச்சி உப்பைக் கொட்டச் சொன்னாரு. "கொட்டினா என் புழுவும்ல சாகும்"னு அப்பா தொட்டிக்குக் குறுக்க நின்னுட்டாரு. சரி கையால பொறுக்கலாம்னா அதுவும் கூடாதாம், பஃபர் மீன்ல இருக்கிற டெட்ரோடோடாக்சின் விஷம் இதுலயும் கொஞ்சம் இருக்குன்னு 2014லயே கண்டுபிடிச்சிருக்காங்களாம். குச்சியால எடுத்து உப்புத்தண்ணியில போடறதுதான் வழி.

இப்படிப்பட்ட வேலை எல்லாம் இந்த வீட்ல யார் தலையில விடியும்னு உங்களுக்கே தெரியும். படிக்கிற புள்ளைக்கு டெஸ்ட் இருக்கு, அப்பாவுக்கு முட்டி வலி, அண்ணாச்சிக்கு தூக்கம் வந்துடுச்சு. கொசுக்கடியில குத்தவச்சு டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ரெண்டு துண்டைப் புடிச்சுட்டேன், தலைப்பக்கத் துண்டு மட்டும் எங்கயோ ஊர்ந்து போயிடுச்சு. அப்பா இன்னைக்குக் காலையில இருந்து என்கிட்ட பேசல. அம்மா பேசினாங்க, "வடகம் போட்டு வைக்கிற ஹார்லிக்ஸ் பாட்டில்தான் கிடைச்சுதாடா உனக்கு?"ன்னு.