ஒரு விரலால் காட்டும் வலி

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி ரெக்ரூட்டுகளுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடக்கும் இடங்களில், எம்.ஐ. ரூம் என்கிற மருத்துவச் சோதனை அறையில் கழிந்தது. இப்போது சேலத்தில் ஒரு பிசியோதெரபி மையத்தில் உதவியாளராக இருக்கிறேன். அங்கே பார்த்த அதே கால் வலியோடு, இன்னும் சீருடையே போடாத பையன்கள் இங்கே வருகிறார்கள்.

ராணுவத்தில் சேரத் தயாராகும் வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர் பக்கத்துப் பையன்கள். சேலம் மாவட்டம் கோயம்புத்தூர் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில், உடல்தகுதித் தேர்வு அப்புறம் என்று முறை மாறியது. மாதக்கணக்கில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவன், ரிசல்ட் வந்த மறுநாளே விடிகாலையில் எழுந்து ஓட ஆரம்பிக்கிறான். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண், 10 புல்அப்ஸ் எடுத்தால் 40. அந்த ஐந்தரை நிமிடம்தான் அவன் கண்ணில் நிற்கிறது. காலையில் தார் ரோட்டில் ஓட்டம், மாலையில் மைதானத்தில் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதை.

மூன்றாவது வாரத்தில் மூச்சு பழகிவிடும். தொடை இறுகிவிடும். "நேரம் குறையுதுண்ணா" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எனக்குப் பயம் வருவது அந்த வாரத்தில்தான். புதிய சுமை ஏறும்போது எலும்பு முதலில் தன்னுடைய பழைய பகுதிகளைக் கரைக்கிறது, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. கரைப்பது சீக்கிரம் நடக்கும், கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுப் புது ஓடு வேயாத வீடு மாதிரி, நடுவில் சில வாரங்கள் எலும்பு பலவீனமாகவே இருக்கும். நுரையீரலும் தசையும் தயாராகிவிட்ட தைரியத்தில் பையன் வேகத்தைக் கூட்டுவதும் அதே வாரங்களில்தான். முழங்காலுக்குக் கீழே முன்கால் எலும்பில் விரிசல் விழுவது இப்படித்தான்.

ராணுவத்துக்கு இது புதிதல்ல. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹௌப்ட் 1855லேயே எழுதி வைத்தார். எக்ஸ்ரே வராத காலம் அது. எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. ஆனால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். "எக்ஸ்ரே நார்மல், ஒன்றுமில்லை" என்ற சீட்டைப் பார்த்த அப்பா, பையன் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்கிறார். பையனும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். இல்லையென்றால் நரம்பு பிடித்திருக்கிறது என்று யாரிடமாவது போய் எண்ணெய் போட்டு நீவிக்கொள்கிறான்.

நான் முதலில் கேட்பது, "எங்க வலிக்குது, காட்டு" என்பதுதான். உள்ளங்கையால் முன்காலின் உள்பக்கம் நீளமாகத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் எலும்பு உறையின் எரிச்சலாக இருக்கும், ஓட்டத்தைக் குறைத்தால் தணியும். ஒரே விரலை ஓர் இடத்தில் வைத்து "இங்கதான்" என்றால், ராத்திரி படுத்திருக்கும்போதும் அது வலித்தால், அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி எலும்பு டாக்டரிடம் அனுப்புகிறேன். ஓடும்போது இடுப்பு மடிப்பில் வலி என்றால் இன்னும் அவசரம். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விழுந்து, அது முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

ராணுவப் பயிற்சி மையத்தில் தனக்கு இப்படி வலி இருப்பதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட்டில் போனால் பேட்ச் பின்தங்கிவிடும், கூட வந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள் என்ற பயம். சேர்ந்து பல வருடம் ஆனவர்களுக்கோ மெடிக்கல் கேட்டகிரி என்கிற உடல்தகுதித் தரம் இறங்கினால் பதவி உயர்வு போய்விடுமோ என்ற கவலை. வலியை மறைப்பதைத் தைரியம் என்று நாமே பழக்கிவிட்டோம், அது என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. நொண்டிக்கொண்டு பரேடில் நின்ற பையன்களில் சிலர் முதல் வாரமே வந்திருந்தால் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் தேறியிருப்பார்கள். இஸ்ரேல் ராணுவத்தில் நடை, ஓட்டத்தின் மொத்த அளவைக் குறைத்து, ரெக்ரூட்டுகளுக்கு இரவில் குறைந்தது 6 மணி நேரத் தூக்கத்தையும் உறுதி செய்தபோது இந்த விரிசல்கள் பாதிக்கு மேல் குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை, தூக்கமும் அளவும்தான்.

அதனால் இங்கே வரும் பையன்களிடம் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே வாரத்துக்கு மூன்று நாள் மண் தரையில் மெதுவாக ஓடு என்கிறேன். மலைப்பாதையை விட்டுவிடச் சொல்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுவதைவிட இறங்கி ஓடுவதுதான் முழங்காலையும் முன்காலையும் அடிக்கிறது. எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதே, வீட்டில் களி கிண்டினால் ஒழுங்காகச் சாப்பிடு என்றும் சொல்வேன். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் அந்த வீட்டுக்கு ஒரு மாதக் கேழ்வரகு வாங்கலாம்.

வயது இன்னும் இருக்கிறவனிடம் "இந்தத் தடவை போகட்டும்" என்று சொல்வது சுலபம். அடுத்த முறைக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுகிறவன் ஒரு விரலை வைத்து வலியைக் காட்டும்போதுதான் என் தொண்டை அடைக்கிறது. அவன் வீட்டில் எத்தனை பேர் அந்தச் சம்பளத்தை எதிர்பார்க்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவனிடமும் நிறுத்து என்றுதான் சொல்கிறேன். தேர்வில் அந்த ஐந்தரை நிமிடத்தை எப்படியோ கடித்துக்கொண்டு ஓடி ஜெயித்தாலும், பயிற்சியில் பூட்ஸும் முதுகுச் சுமையும் ஏறும்போது அதே விரிசல் முறிவாகும். அங்கே அவனுக்கு ஆறுதல் சொல்ல அப்பா அம்மா பக்கத்தில் இருக்க மாட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு, அவன் அப்பாவையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். பாதிப் பேர் கூட்டி வருகிறார்கள்.