லெவதூராவுக்கு மட்டும் மூன்று அட்டை

ஸ்பானிய மொழிக் குறிப்புகளைப் படிக்க, அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்யும் ஸ்பெயின் பேக்கரிச் சொற்கள் 60-இல் 59 மனதில் நின்றுவிட்டன. அடம்பிடித்தது லெவதூரா ஒன்றுதான். அகராதி சொல்வது ஈஸ்ட். அதை நம்பி பிஸ்கோச்சோ தே யோகூர் (தயிர் கேக்) செய்தால் கேக் எழும்பாமல் களிபோல் அடியில் படிந்து, ஈஸ்ட் வாடையும் அடிக்கிறது.

அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 125 கிராம் தயிர் ஒரு கப், அதே கப்பால் எண்ணெய் 1, சர்க்கரை 2, மைதா 3, முட்டை 3. கடைசி வரி 'உன் ஸோப்ரே தே லெவதூரா'. இங்கே 'உன்' என்றால் ஒரு, ஸோப்ரே என்றால் சிறு பொட்டலம். ஸ்பெயினில் அது பெரும்பாலும் 16 கிராம் பேக்கிங் பவுடர்! மாவை உடனே 180 டிகிரியில் வைப்பதால் ஈஸ்டுக்குப் பொங்க நேரமே கிடைக்காது, சூட்டில் செத்துவிடும்.

பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பாருங்கள். கலந்ததும் 'ஓர்னேயார்' (ஓவனில் வேகவை) வந்தால் பேக்கிங் பவுடர். நடுவே 'தெஹார் ரெப்போசார்' (அப்படியே விட்டுவை), இரு மடங்காகும்வரை என்று வந்தால் ஈஸ்ட். அட்டையிலும் தனிச்சொல் எழுதாமல் தொடராக எழுதியபின்தான் குழப்பம் தீர்ந்தது: 'உன் ஸோப்ரே தே லெவதூரா', 'லெவதூரா ஃப்ரெஸ்கா' (25 கிராம் ஈஸ்ட் கட்டி), 'லெவதூரா கீமிகா' (பேக்கிங் பவுடரேதான்). மெக்சிகோ, அர்ஜென்டினா குறிப்புகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பேக்கிங் பவுடருக்கு 'போல்வோ தே ஓர்னேயார்' என்று தனிப்பெயர் உண்டு.

நம்மூரில் 16 கிராம் பொட்டலம் தேட வேண்டாம். தலைதட்டிய 4 டீஸ்பூன் போதும். தயிர் புளித்திருக்கக் கூடாது.

பிஸ்கோச்சோ காதுக்கு பிஸ்கட் போலக் கேட்டாலும் அது மெத்தென்ற கேக், பிஸ்கட்டுக்கு கயேத்தா. 'பான்' என்ற ரொட்டிக்கு இலங்கைத் தமிழருக்கு அட்டையே வேண்டாம். அவர்களுடைய பாண் போர்த்துக்கீசு வழி வந்தாலும் வேர் ஒன்றே.

அடுத்து அர்ஜென்டினா. மந்தேகா ஸ்பெயினில் பன்றிக்கொழுப்பு, அங்கே வெண்ணெய். பிறை வடிவ மெதியாலூனாவில் 'தே மந்தேகா', 'தே க்ராசா' என இரு வகை, க்ராசாதான் கொழுப்பு. ஆகவே அட்டையின் முன்பக்கமே நாட்டின் பெயர் இருக்க வேண்டும். அதற்குமுன் எந்தச் சொல்லுக்கு எல் (ஆண்பால்), எதற்கு லா (பெண்பால்) என்று பிரிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. எல் பான், லா அரீனா (மாவு) ஆயிற்று. ஆண்பால், பெண்பால் இரண்டிலும் வரும் அசூகாரை (சர்க்கரை) கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.