நின்றுபோன ஆர்எக்ஸ்-7: பிடித்துக்கொண்ட 13பி ரோட்டரி எஞ்சினை இறக்கிய வேலை

வண்டி 1987 மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-7. இரண்டாம் தலைமுறை, அதாவது எஃப்சி. டர்போ இல்லாத 13பி ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் வகை), ஐந்து கியர் மேனுவல், அமெரிக்காவில் விற்ற இடதுபக்க ஸ்டீயரிங். ஒஹாயோவில் ஒரு வீட்டுக் கொல்லையில் மரத்தடியில் பல குளிர்காலம் நின்றிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு, ரேடியேட்டரில் காவி நிறத் தண்ணீர், டேங்கில் வார்னிஷ் வாடை அடிக்கும் பெட்ரோல். நான்கு சக்கரத்திலும் பிரேக் பிடித்திருந்தது. எஞ்சின் துளியும் அசையவில்லை.

ரோட்டரியை இறக்குவதில் பாரம் பெரிய விஷயமே இல்லை. 654 சிசி அறை இரண்டு, மொத்தம் 1308 சிசி. சிலிண்டர் ஹெட், வால்வு, கேம் ஷாஃப்ட் எதுவும் கிடையாது. வேலையை இழுத்தடிப்பது அதைச் சுற்றிக் கிடப்பவைதான்: காய்ந்து விறைத்த வேக்குவம் ஹோஸ்கள், தொட்டால் ஒடியும் நைலான் ஆயில் குழாய்கள், சூட்டில் வெந்த கனெக்டர்கள். இன்னொன்று, எஞ்சின் வண்டிக்குள் இருக்கும்போதே அதன் வயிற்றுக்குள் என்ன நிலைமை என்று பாதிக்கு மேல் தெரிந்துகொள்ளலாம். அதனால் கிரேனைத் தள்ளி வைத்துவிட்டு பிளக்கிலிருந்து தொடங்கினோம்.

பிளக் சொன்னது

ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் நான்கு. மேலே இருப்பது டிரெய்லிங், கீழே இருப்பது லீடிங். எல்லாம் வண்டியின் இடது பக்கம், அதாவது ஸ்டீயரிங் ராடு போகும் பக்கம். மரை அலுமினிய ஹவுசிங்கில் இருப்பதால் காய்ந்த நிலையில் முறுக்கித் திருகக் கூடாது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு ஊறவிட்டு, கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப முடுக்கி, மறுபடி கழற்ற வேண்டும்.

முன் ரோட்டரின் இரண்டு பிளக்கும் கறுப்பாகக் காய்ந்திருந்தன. பின் ரோட்டரின் லீடிங் பிளக் மட்டும் செங்காவி நிறத்தில் வந்தது. அது பெட்ரோல் கரி இல்லை, துரு. பின் அறைக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

ரோட்டரி எஞ்சின் தட்டுகளை அடுக்கிய கட்டு: முன் தட்டு, ரோட்டர் ஹவுசிங், நடுத் தட்டு, ரோட்டர் ஹவுசிங், பின் தட்டு. தட்டுகள் வார்ப்பிரும்பு. ஹவுசிங் அலுமினியம், அதன் உட்சுவரில் எஃகுத் தகடு, தகட்டின் மேல் குரோம் பூச்சு. தட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே கூலன்டை அடைத்து நிற்பது ரப்பர் வளையம். அது கெட்டால் கூலன்ட் நேராக எரியும் அறைக்குள் கசியும். நின்ற வண்டியில் அந்த ஈரம் வார்ப்பிரும்பைத் துருவாக்கி, ரோட்டரின் மூன்று முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல், பக்கங்களில் இருக்கும் பக்கச் சீல் எல்லாவற்றையும் ஒட்டிவிடும். ஆயில் ஊற்றும் மூடிக்கடியில் வெளுத்த பசை இருந்தால் உடனே பயப்படத் தேவையில்லை. அந்தக் கழுத்து எப்போதும் குளிர்ந்தே இருப்பதால் நல்ல எஞ்சினிலும் ஈரம் அங்கே படியும். வடிகட்டும் ஆயிலே பால் கலந்த மாதிரி வந்தால்தான் கவலை. இங்கே ஆயில் கறுப்பாகத்தான் வந்தது.

இரண்டு லீடிங் துளையிலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் 30 மி.லி. அளவில் ஊற்றினோம். அசிட்டோன் கலந்து ஊற்றுபவர்கள் உண்டு. ரப்பர் வளையங்களை நினைத்து அதைத் தவிர்த்தோம். பிளக் துளை வழியாக ஊற்றினால் ரோட்டரின் மூன்று முகங்களில் பிளக்கைப் பார்த்திருக்கும் முகத்துக்கு மட்டுமே எண்ணெய் போய்ச் சேரும். மற்றவற்றுக்கு எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். போர்ட் வலது பக்கம், இன்டேக்குக்கு அடியில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் கழன்றாக வேண்டும். ஆக, எண்ணெய் ஊறட்டும் என்று விட்டுவிட்டு மேல் வேலையை ஆரம்பித்தோம்.

மேலிருந்து கீழே

பேட்டரியை எடுத்து, பானெட் கீலைச் சுற்றி மார்க்கர் கோடு போட்டு, பானெட்டை இரண்டு பேராகத் தூக்கி வைத்தோம். கூலன்டையும் ஆயிலையும் வடித்தோம். ரேடியேட்டரை வடித்தால் எஞ்சினுக்குள் இருக்கும் கூலன்ட் முழுதாக இறங்காது. கீழ் ஹோஸைப் பிடுங்கும்போது ஒரு வாளிக்கு வரும். எஞ்சினைச் சாய்க்கும்போது மறுபடி வரும். ஃபேன், அதன் மறைப்பு, ரேடியேட்டர் எல்லாம் வெளியே. ரேடியேட்டர் பழசுதானே, இருக்கட்டும் என்று விட்டால் எஞ்சின் முன்னால் நகர இடம் போதாது.

ஏசி கம்ப்ரசரையும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும் குழாயோடு சேர்த்தே கழற்றி ஓரமாகக் கட்டிவிட வேண்டும். இந்த வயது வண்டியில் ஏசி வாயு ஆர்-12 ஆகத்தான் இருக்கும். குழாயைத் திறந்து காற்றில் விடக் கூடாது. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரும் அப்படியே: இரண்டு போல்ட்டைக் கழற்றிக் குழாயோடு தொங்கவிட்டால் பிறகு ஏர் எடுக்கும் வேலை மிச்சம். அதன் பிறகு யாரும் கிளட்ச் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

பெட்ரோல் ஹோஸ் இரண்டு, ஒன்று வருவது, ஒன்று திரும்பிப் போவது. பல வருடம் நின்ற வண்டியில் அழுத்தம் இருக்காது, ஆனால் குழாயில் பெட்ரோல் இருக்கும். ஹோஸை முறுக்கிப் பிடுங்கினால் அதோடு உலோக முனையும் நெளியும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுப்பதே சரி. எப்படியும் புது ஹோஸ் போடத்தான் வேண்டும். இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு உரிய ஹோஸாக வாங்க வேண்டும், கார்புரேட்டர் ஹோஸ் தாங்காது.

அடுத்தது மேல் இன்டேக் மேனிஃபோல்ட். அதற்கடியில்தான் சொலினாய்டு வரிசையும் வேக்குவம் குழாய்க் கூட்டமும். ஒவ்வொரு முனையிலும் துணி டேப் ஒட்டி எண் எழுதி, கழற்றும் முன் நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்தோம். கழற்றியபோது பாதி ஹோஸ் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. நொறுங்கிய ஹோஸில் டேப் நிற்காது, அப்போது போட்டோதான் துணை.

மேனிஃபோல்ட் வந்த கையோடு திறந்த வாய்களைத் துணி அடைத்து டேப்பால் மூட வேண்டும். ரோட்டரியில் இன்டேக் வால்வு கிடையாது. தவறி விழுந்த ஒரு 10 மி.மீ. நட்டு பக்கப் போர்ட் வழியாக நேராக ரோட்டர் அறைக்கே போய்விடும். எலிக்கூட்டுப் பஞ்சும் அப்படித்தான். முதலில் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு அப்புறம்தான் கழற்றினோம்.

ஆயில் மீட்டரிங் பம்ப் முன் கவரில் இருக்கிறது. சீல்களுக்கு எண்ணெய் கொண்டு போகும் மெல்லிய நைலான் குழாய்கள் அதிலிருந்து கிளம்பும். 1987 வண்டியில் பம்ப் மெக்கானிக்கல், ஆக்சிலரேட்டர் இணைப்போடு ஒரு கம்பியால் சேர்த்திருக்கும். குழாய்களை வளைக்காமல் பேன்ஜோ போல்ட்டை (நடுவே எண்ணெய் போகத் துளையுள்ள போல்ட்) மட்டும் கழற்றினால் தப்பிக்கும். இதில் இரண்டு ஒடிந்தன. முன்பே வெடித்திருந்தவை என்பது உடைந்த இடத்தில் ஒட்டியிருந்த அழுக்கிலேயே தெரிந்தது.

எஞ்சின் வயரிங்கை ஒவ்வொரு சென்சாராகக் கழற்றினால் கனெக்டர் நாக்குகள் ஒவ்வொன்றாக முறியும். மாறாக, முன் பயணி கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கழற்றி, தடுப்புச் சுவர் ஓட்டை வழியாக வயரிங்கை முழுதாக இழுத்து எஞ்சின் மேலேயே சுற்றி வைத்தோம். நிறைய நேரம் மிச்சம். எஞ்சினுக்குப் பின்னால் பாடிக்குப் போகும் எர்த் பட்டையும் ஹீட்டர் ஹோஸும்தான் எல்லாரும் மறப்பவை. கிரேன் தூக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டு நின்றால் முதலில் அங்கே பாருங்கள்.

ஆயில் கூலர் ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிறது. குழாய்களைக் கூலர் முனையில் கழற்றப் போகாதீர்கள். அலுமினிய மரையில் எஃகு நட்டு இறுகி, திருகினால் மரையையும் பிய்த்துக்கொண்டு வரும். எஞ்சின் முனையில் பேன்ஜோ போல்ட்டைக் கழற்றுவது நல்லது.

எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக

எஞ்சின் சுற்றுகிற வண்டி என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொடவே வேண்டாம். கீழே பைப் சேரும் ஃபிளாஞ்சில் பிரித்து, மேனிஃபோல்டோடு எஞ்சினைத் தூக்கலாம். ஸ்டட்டுகள் ரோட்டர் ஹவுசிங்கில் இருப்பதால் ஒன்று முறிந்தாலும் அலுமினியத்தில் துளை போட்டு எடுக்கும் வேலை வந்து சேரும். இங்கே போர்ட்டுக்குள் போக வேண்டியிருந்ததால் கழற்றினோம். பெட்ரோல் வாடை முழுதும் போன பிறகு நட்டை மட்டும் டார்ச்சால் சூடேற்றி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து.

போர்ட் வழியாக மறுபடி எண்ணெய் ஊற்றிவிட்டு, பிளக்குகள் வெளியே இருக்கும் நிலையிலேயே சுற்றிப் பார்த்தோம். முன்னால் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் மைய அச்சு) போல்ட், 19 மி.மீ. தலை. கடிகாரச் சுற்றில் மட்டும்தான் திருக வேண்டும். எதிர்த் திசையில் திருகினால் சுற்றுவதற்குப் பதிலாகப் போல்ட் தளரும். தளர்ந்தால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங் இடம் நழுவி, மறுபடி முடுக்கும்போது நசுங்கும். அந்தப் போல்ட்டின் இறுக்கமே (டார்க்) சுமார் 10 முதல் 12 கிலோகிராம்-மீட்டர்தான். அதைத் தாண்டி நீளக் கம்பி போட்டு அழுத்துவது வீண். வேறு வண்டியாக இருந்தால் டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ளலாம். இதில் பிரேக்கே பிடித்திருந்ததால் ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஃபிளைவீல் பல்லில் நெம்புகோல் கொடுத்தோம். இரு திசையிலும் மெல்ல நெம்பலாம் என்பது இதில் வசதி. ஒரு பல் அசைந்தது, பிறகு இரண்டு, கடைசியில் கரகரவென்று முழுச் சுற்று.

ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்று. எனவே ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அபெக்ஸ் சீல் போர்ட் வாசலுக்கு வரும். டார்ச் அடித்து, மரக்குச்சியால் சீலை உள்ளே அழுத்தினால் நல்ல சீல் அமுங்கி, விட்டதும் வெளியே துள்ளும். 1986 முதல் இவை 2 மி.மீ. தடிமன், அதற்கு முந்தையவை 3 மி.மீ. முன் ரோட்டரில் மூன்றும் துள்ளின. பின் ரோட்டரில் இரண்டு துள்ளின, ஒன்று கல்லாக நின்றது. அதன் பக்கத்தில் குரோம் மேல் செதில் செதிலாகத் துருக் கோடு. ரீபில்ட் தவிர வேறு வழியில்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. ஸ்டார்ட்டரில் சுற்றும் எஞ்சினாக இருந்தால் கம்ப்ரஷனே பார்க்கலாம்: 250 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு முகத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 6 கிலோ, ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. சாதாரண கேஜில் ஒருவழி வால்வை எடுத்துவிட்டால் முள் மூன்று மூன்றாகத் துள்ளுவது தெரியும்.

தூக்குதல்

கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டு எஞ்சினை மட்டும் எடுத்தோம். பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் கூடு) மேல் போல்ட்டுகளை எஞ்சின் பக்கமிருந்து எட்ட முடியாது. வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் மேலாக நீள எக்ஸ்டென்ஷனும் வளையும் ஜாயின்ட்டும் போட்டால் நேராகப் போகும். டர்போ மாடலில் கிளட்ச் இழுவை வகை. பேரிங்கை முன்கூட்டியே விடுவிக்காமல் எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. டர்போ இல்லாத இதில் அந்தத் தொல்லை இல்லை.

கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி. எஞ்சின் ஆயில் பேனுக்கு அடியில் ஜாக்கி வைக்கவே கூடாது. மெல்லிய தகடு, உள்ளே அமுங்கி ஆயில் உறிஞ்சும் வாயை அடைக்கும். சங்கிலி, முன்னும் பின்னும் உள்ள தூக்குக் கொக்கிகளில். கொக்கி காணாமல் போயிருந்தால் வார்ப்பிரும்புத் தட்டில் உள்ள மரையில் மாட்டலாம், அலுமினிய ஹவுசிங்கின் ஸ்டட்டில் வேண்டாம்.

மவுன்ட் நட்டுகளைக் கழற்றிக் கிரேனில் பாரம் ஏறியதும் எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி வர வேண்டும். வரவில்லை. போல்ட் எதுவும் மிச்சமில்லை என்று விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்த பிறகே நெம்பினோம். வழிகாட்டும் பின்கள் இரண்டும் துருவேறிப் பிடித்திருந்தன. இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் தட்டில் கோணலாகிச் சிக்கும். ஷாஃப்ட் முழுதும் விலகும்வரை நேர் கோட்டில் முன்னால். அதன் பிறகே மேலே.

கீழே வைத்ததும்

பிஸ்டன் எஞ்சின் ஸ்டாண்டில் பெல் ஹவுசிங் முகத்தைப் பிடித்தால் ஃபிளைவீலுக்குப் போக முடியாது. ரோட்டரிக்கென்று பக்கவாட்டில் பிடிக்கும் அடாப்டர் உண்டு. அது வரும்வரை பழைய டயர் மேல் உட்கார வைத்தால் போதும்.

ஃபிளைவீல் நட்டு 54 மி.மீ., இறுக்கம் 40 முதல் 50 கிலோகிராம்-மீட்டர், போதாததற்கு மரையில் லாக்கர் பசை. ஃபிளைவீலைக் கம்பியால் தடுத்து, நட்டைச் சூடேற்றி, முக்கால் இன்ச் டிரைவும் ஆள் உயரப் பைப்பும் போட்டால் அசையும். நட்டை முழுதாகக் கழற்ற வேண்டாம். சில மரை மிச்சம் வைத்துப் புல்லர் போட வேண்டும். ஃபிளைவீல் கூம்பில் உட்கார்ந்திருப்பதால் விடுபடும்போது வெடித்த மாதிரி பின்னால் துள்ளும். அந்த நட்டு இல்லாவிட்டால் கால் மேல்தான்.

முன் போல்ட்டை இப்போதைக்குத் தொடவில்லை. எஞ்சினை முன்பக்கம் மேலே பார்த்த மாதிரி நிறுத்தினால்தான் ஊசி பேரிங் தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு அடாப்டர் வர வேண்டும். போர்ட், பிளக் துளை எல்லாவற்றிலும் எண்ணெய் தெளித்து, டேப் போட்டு மூடி, பின் ரோட்டர் ஹவுசிங் மேல் சிவப்பு மார்க்கரால் குறி போட்டு வைத்திருக்கிறது.