சட்டமன்றக் கட்சித் தலைவர், கொறடா, எதிர்க்கட்சித் தலைவர்: இந்தப் பகுதியை நான் படித்த விதம்

குரூப் 1, சிவில் சர்வீஸ் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் மாநிலச் சட்டமன்றம் என்ற பாடத்தில் ஆளுநர், முதலமைச்சர், பேரவைத் தலைவர் மூன்றையும் கரைத்துக் குடித்துவிடுகிறார்கள். சட்டமன்றத்துக்குள் ஒரு கட்சி எப்படி இயங்குகிறது என்று கேட்டால்தான் தடுமாற்றம் வருகிறது. சட்டமன்றக் கட்சித் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடும் கொறடாவை யார் நியமிக்கிறார்கள்? அவர் உத்தரவை மீறினால் என்ன ஆகும்? பாடநூல்களில் இதெல்லாம் நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். ஆனால் முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று எந்தக் கட்டத்திலும் இங்கிருந்து கேள்வி வரலாம். செய்தித்தாளில் வரும் அரசியல் நெருக்கடிகளில் பாதியை இந்தப் பகுதி தெரியாமல் புரிந்துகொள்ளவே முடியாது. எனக்கு இது பிடித்த பாடமாக மாறியது எப்படி என்று எழுதினால் அடுத்து படிப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் அரசியலமைப்பின் 164-வது பிரிவை எடுத்து நிதானமாகப் படியுங்கள். முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றுதான் அது சொல்கிறது. பெரும்பான்மைக் கட்சியின் தலைவரையே அழைக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. கூட்டுப் பொறுப்பு என்ற நிபந்தனையிலிருந்து மரபாக வளர்ந்ததுதான் அது. பேரவையின் நம்பிக்கை இல்லாமல் ஆட்சி நடத்த முடியாது. பேரவையில் நம்பிக்கையைத் திரட்டித் தருவது கட்சி. அந்தக் கட்சியின் உறுப்பினர்கள் கூடி ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, அந்தத் தீர்மானத்தை ஆளுநரிடம் கொடுக்கிறார்கள். இந்தச் சங்கிலியை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலேயே வந்து பொருந்தும்.

தேர்தல் முடிந்த மறுநாள் செய்திகளைப் பார்க்கும்போது இந்தத் தேர்வு வெறும் சடங்கு போலத் தெரியும். ஒருமனதாகத் தேர்வு, கையெழுத்து, ஆளுநர் மாளிகை, பதவியேற்பு. ஆனால் நம் மாநில வரலாற்றிலேயே இது உண்மையான போட்டியாக நடந்திருக்கிறது. 1954-ல் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு வலுத்து ராஜாஜி விலகியபோது, காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரும் சி. சுப்பிரமணியமும் மோதினார்கள். 93-க்கு 41 என்ற வாக்குகளில் காமராஜர் வென்றார். அப்போது அவர் மக்களவை உறுப்பினர், சட்டமன்றத்தில் இல்லை. அப்புறம் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்று உள்ளே வந்தார். உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்ற 164(4)-ஐ இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தை அவர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டதையும் சேர்த்து எழுதினால், ஒரு சட்டமன்றக் கட்சியின் தலைவர் எப்படி எல்லா அணிகளையும் கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது என்பதும் விடையில் வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 1988. எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஜானகி அம்மையார் முதலமைச்சரானார். ஜனவரி 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பின்போது பேரவையில் பெரும் ரகளை நடந்தது. இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் பேரவைதான் என்று பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணித்தரமாகச் சொன்னது 1994-ல். அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது 1988-ஐ மனதில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். வாக்கெடுப்பு நடந்தால் மட்டும் போதாது, அது ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே புரியும்.

சரி, இனி அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம். என் அனுபவத்தில் இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான். குறிப்புகளை நம்பாமல் மூலத்தையே படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான். 1985-ல் 52-வது திருத்தத்தில் வந்தது. இதன்படி பதவி பறிபோவதைச் சொல்லும் பிரிவு சட்டமன்ற உறுப்பினர் என்றால் 191(2), நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் 102(2). கொள்குறி வினாவில் இந்த இரண்டையும் மாற்றிப்போட்டுக் கேட்பது வழக்கம்.

இரண்டாவது பத்தியில் பதவி இழப்புக்கான இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒன்று, தானாக முன்வந்து கட்சி உறுப்பினர் பொறுப்பைக் கைவிடுவது. மற்றொன்று, கட்சியோ அது அதிகாரம் அளித்தவரோ இட்ட உத்தரவை மீறி வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் ஒதுங்குவது. இரண்டாவதில் முன் அனுமதி பெற்றிருந்தாலோ, 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்துவிட்டாலோ பதவி தப்பும். முதலாவதற்குக் கொறடா உத்தரவே தேவையில்லை, வாக்கெடுப்பும் தேவையில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் கட்சியைக் கைவிட்டதாகும் என்பதில்லை, நடத்தையிலிருந்தே முடிவுக்கு வரலாம் என்று ரவி நாயக் வழக்கில் 1994-ல் தீர்ப்பு வந்தது.

இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்ய வேண்டாம். 2017-ம் ஆண்டுத் தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தானாக நிற்கும். பிப்ரவரி 14 அன்று அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராக எடப்பாடி பழனிசாமி தேர்ந்தெடுக்கப்பட்டார். 18-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவாக 122, எதிராக 11. எதிர்த்து வாக்களித்த அந்த 11 பேரும் ஓ. பன்னீர்செல்வம் அணியினர். அது கொறடா உத்தரவு சார்ந்த இரண்டாவது வழி பற்றிய கேள்வி. அதே ஆண்டு ஆகஸ்டில் டி.டி.வி. தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அரசு தலைமைக் கொறடா பேரவைத் தலைவரிடம் மனுக் கொடுத்தார். செப்டம்பர் 18 அன்று 18 பேர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அது முதல் வழி. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு சொல்ல, மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கத்தை உறுதிசெய்தார். எதிர்த்து வாக்களித்த 11 பேர் பதவி இழக்கவில்லை, கடிதம் கொடுத்த 18 பேர் இழந்தார்கள். ஏன் இப்படி என்று ஒரு மாணவர் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தால், பேரவைத் தலைவருக்கு ஆறாவது பத்தி தரும் அதிகாரம், அதில் கால வரம்பு எழுதப்படாததால் வரும் சிக்கல், 2020-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுவாக மூன்று மாதம் என்று சொன்னது, பேரவைத் தலைவரின் முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் 1992-ல் முடிவானது, எல்லாமே வரிசையாக வந்து நிற்கும்.

கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் நிலை என்ன என்பதும் அடிக்கடி குழப்பும் இடம். இதற்கும் முன்னோடி வழக்கு நம் பேரவையிலிருந்தே போனது. 1991-ல் அ.தி.மு.க. சார்பில் வென்று, பின்னர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு ம.தி.மு.க.வில் சேர்ந்தவர் ஜி. விஸ்வநாதன். நீக்கப்பட்டாலும் எந்தக் கட்சியின் வேட்பாளராக வென்றாரோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் பழைய கட்சியைக் கைவிட்டதாகவே பொருள் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இப்போது நான் எல்லோரிடமும் வலியுறுத்தும் இடத்துக்கு வருகிறேன். அரசியல் கட்சி வேறு, சட்டமன்றக் கட்சி வேறு. அட்டவணையின் முதல் பத்தியே இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. சட்டமன்றக் கட்சி என்பது பேரவைக்குள் இருக்கும் அந்தக் கட்சி உறுப்பினர்களின் கூட்டம் மட்டுமே. அப்படியானால் கொறடாவை நியமிப்பது யார்? பேரவைக்குள் பெரும்பான்மையாக இருக்கும் உறுப்பினர்களா, வெளியில் இருக்கும் கட்சித் தலைமையா? 2022 மகாராஷ்டிர நெருக்கடி முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். சிவசேனை உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏக்நாத் ஷிண்டே பக்கம் போனார்கள். அவர்கள் தரப்புக் கொறடாவைப் பேரவைத் தலைவர் அங்கீகரித்தார். 2023 மே 11 அன்று சுபாஷ் தேசாய் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த அங்கீகாரம் சட்டவிரோதம் என்றது. கொறடாவையும் பேரவையில் கட்சியின் தலைவரையும் நியமிக்கும் உரிமை அரசியல் கட்சிக்கே உண்டு, சட்டமன்றக் கட்சிக்கு இல்லை. மக்கள் ஒரு கட்சியின் பெயரைப் பார்த்து வாக்களித்து அனுப்புகிறார்கள், அந்தத் தொப்புள்கொடியை உள்ளே போனதும் அறுத்துவிட முடியாது. இதே தீர்ப்பில், நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திக்காமல் உத்தவ் தாக்கரே தானே விலகிவிட்டதால் பழைய ஆட்சியைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றும் சொல்லப்பட்டது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

இணைப்பு பற்றிய நாலாவது பத்தியும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. கட்சி இன்னொன்றோடு இணையும்போது பதவி தப்ப மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும் என்பது சட்டமன்றக் கட்சியின் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் பிளவு என்று பாதுகாத்த மூன்றாவது பத்தி 2003-ன் 91-வது திருத்தத்தில் நீக்கப்பட்டது. அமைச்சர்கள் எண்ணிக்கைக்கு 15 விழுக்காடு வரம்பு வந்ததும் அதே திருத்தத்தில்தான். கட்சித் தாவுகிறவருக்குக் கொடுக்க அமைச்சர் நாற்காலிகள் குறைவாக இருக்க வேண்டும் என்ற நோக்கம் இரண்டையும் இணைக்கிறது.

எதிர்க்கட்சித் தலைவர் பற்றி அதிகம் படிக்க வேண்டியதில்லை, ஒரு கணக்கு தெரிந்தால் போதும். அந்தப் பதவிக்கு ஒரு கட்சிக்குப் பேரவையில் பத்தில் ஒரு பங்கு இடம் வேண்டும், 234 பேர் கொண்ட நம் பேரவையில் அது 24 பேர். 2011-ல் தே.மு.தி.க. 29 இடங்களில் வென்று விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016 பிப்ரவரியில் அந்தக் கட்சியின் 8 உறுப்பினர்கள் ராஜினாமா செய்ததும் எண்ணிக்கை 24-க்குக் கீழே போய் அந்தப் பதவியும் போனது.

ஒப்பீடு கேட்டால் அமெரிக்க மாநிலங்களைத் தொடலாம். அங்கே பெரும்பாலான மாநில அவைகளில் ஒவ்வொரு கட்சியின் உறுப்பினர்களும் தங்களுக்குள் வாக்களித்துப் பெரும்பான்மைத் தலைவர், சிறுபான்மைத் தலைவர், கொறடா ஆகியோரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி சொன்னதற்கு எதிராக வாக்களித்ததற்காக யாருக்கும் உறுப்பினர் பதவி பறிபோகாது. ஆகவே அங்குள்ள கொறடா பேசிப் பேசியே ஆள் சேர்க்க வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரே அவை, 49 பேர், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது. அவைத் தலைவரை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். இதைப் படித்த பிறகுதான் நம் கொறடாவின் கையில் சட்டம் எவ்வளவு பெரிய பலத்தைக் கொடுத்திருக்கிறது என்பது எனக்கு முழுதாக உறைத்தது. அந்தப் பலம் நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் இருந்தால் போதும் என்று தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே பரிந்துரைத்தது. சாதாரண மசோதாவில்கூட உறுப்பினர் தன் தொகுதிக்காக மாறி வாக்களிக்க முடியாத நிலை எனக்கு வருத்தம் தருகிறது. விடையில் இதை என் கருத்தாகவே தயங்காமல் எழுதினேன், காரணத்தோடு எழுதினால் தவறில்லை.

விடை எழுதும்போது வழக்குகளின் பெயரைப் பட்டியலாகக் கொட்டாதீர்கள். ஒரு சம்பவத்தை எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள்: யார் நியமித்தார், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது, மீறினால் முடிவெடுப்பவர் யார். கொறடா பதவி பற்றி அரசியலமைப்பில் ஒரு வரியும் இல்லை, ஆனால் அவர் உத்தரவின் விளைவு பத்தாவது அட்டவணையில் இருக்கிறது என்பது போன்ற நுணுக்கங்கள் இந்தக் கேள்விகளில்தான் பிடிபடும். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு ஒன்று. நம் மாநிலத்து உதாரணங்கள் எல்லாமே உயிருள்ள அரசியல். எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் என்று யோசிக்கவே வேண்டாம். தேதி, வாக்கு எண்ணிக்கை, சட்டப் பத்தி, தீர்ப்பு என்ற வரிசையில் பேசினால் குரல் தானாகவே நிதானமாகிவிடும். 'துரோகம்', 'சதி' போன்ற சொற்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கும், அவற்றை விட்டுவிடுங்கள். நண்பர்கள் இரண்டு பேரை உட்கார வைத்து, ஒருவர் 18 பேருக்காகவும் மற்றவர் கொறடாவுக்காகவும் வாதாட, நீங்கள் பேரவைத் தலைவராக இருந்து காரணங்களோடு ஓர் உத்தரவு எழுதிப் பாருங்கள்.