ஒரு கைம்பெண்ணின் குடியிருப்புரிமைத் தாள்களைப் படித்த அனுபவம்

இங்கிலாந்தின் தென்பகுதி மாவட்டம் ஒன்றின் ஆவணக் காப்பகத்தில், 18 ஆம் நூற்றாண்டுக் கிராமப் பங்கு (parish: ஒரு தேவாலயத்தைச் சார்ந்த உள்ளூர் நிர்வாகப் பகுதி) ஒன்றின் ஏழை நிவாரணத் தாள்களை ஆய்வுக்காக அண்மையில் படித்து முடித்தேன். இத்தகைய தாள்களைப் படிக்க விரும்புவோருக்கு உதவும் என்பதால், படித்த முறையை எழுதி வைக்கிறேன்.

சட்டத்தை அறிந்துகொண்ட பிறகே தாள்களைத் தொட வேண்டும். ஒவ்வொரு பங்கும் வரி திரட்டித் தன் ஏழைகளைக் காக்க வேண்டும் என்று 1601 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆண்டுக்கு 10 பவுணுக்குக் குறைந்த வாடகையில் புதிதாகக் குடியேறியவர் சுமையாகக்கூடும் என்று 40 நாட்களுக்குள் முறையிடப்பட்டால், இரண்டு சமாதான நீதவான்கள் அவரை உரிய பங்குக்குத் திருப்பி அனுப்பலாம் என்றது 1662 ஆம் ஆண்டுச் சட்டம். மணமாகாதவராக ஓராண்டு ஒப்பந்தத்தில் முழு ஆண்டும் பணியாற்றுதல், தொழில் பழகுநராகச் சேர்தல், பங்கின் வரி செலுத்துதல் போன்ற வழிகளில் குடியிருப்புரிமை, அதாவது ஒரு பங்கைச் சேர்ந்தவராக அங்கே நிவாரணம் பெறும் உரிமை, பெறலாம் என்று பின்வந்த சட்டங்கள் வகுத்தன. மணமான பெண்ணுக்கோ கணவனின் உரிமையே உரிமை. அவன் இறந்த பின்னும் அதுவே தொடர்ந்தது.

நான் படித்த கட்டின் மையம் இந்தக் கடைசி விதிதான். பண்ணைத் தொழிலாளி ஒருவரின் கைம்பெண், பிள்ளைகளோடு நிவாரணம் கேட்டு நின்றவர், நீதவான்கள் முன் அளித்த வாக்குமூலத்தில் அவருடைய சொந்த ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கணவர் இளைஞராக இருந்தபோது எந்தப் பண்ணையில், ஒரு மிக்கேல் திருநாளிலிருந்து (செப்டம்பர் 29) அடுத்த மிக்கேல் திருநாள் வரை, என்ன கூலிக்கு வேலை பார்த்தார் என்பதே அதில் நிறைந்திருக்கிறது. அடுத்த தாள் வெளியேற்ற ஆணை: பெயரும் வயதும் மட்டும் கையால் நிரப்பப்பட்ட அச்சுப் படிவம்.

அவரை ஏற்க வேண்டிய பங்கு, மாவட்ட நீதவான்கள் ஆண்டுக்கு நான்கு முறை கூடும் காலாண்டு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. கணவரின் வேலை ஓராண்டு நிறையவில்லை என்பது அதன் வாதம். உரிமை பிறந்துவிடக் கூடாது என்பதற்காகவே 51 வாரங்களுக்கு மட்டும் ஆள் அமர்த்திய எசமானர்கள் அக்காலத்தில் இருந்ததால், அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நீதிமன்றப் பதிவுகள் பங்கின் தாள்களோடு சேர்ந்திருப்பதில்லை. மாவட்டத் தொகுப்பிலிருந்து அவற்றைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். மேல்முறையீடு தள்ளுபடியான செய்தி அங்கேதான் கிடைத்தது. அவரை ஏற்க நேர்ந்த அந்தப் பங்கில் ஏழை நிவாரணத்தைக் கவனித்த மேற்பார்வையாளரின் கணக்கேட்டில் கைம்பெண்ணின் வாரப்படியும், விறகும், பிள்ளைக்கு வாங்கிய காலணியும் வரிசையாக வருகின்றன.

1752 க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25 இல் தொடங்கியது. எனவே 1740 ஜனவரி என்று எழுதப்பட்ட தாள் நம் கணக்கில் 1741 ஜனவரிக்கு உரியது; இதைக் கவனிக்காவிட்டால் ஆணை வாக்குமூலத்துக்கு முன்னதாகத் தோன்றும்.

கணக்கேட்டில் என் மனத்தை மிகவும் வருத்தியவை, மணமாகாத கர்ப்பிணிகளை எல்லைக்கு அப்பால் கொண்டுசென்று விடக் கொடுத்த வண்டிக்கூலிப் பதிவுகள். அத்தகைய குழந்தைக்குப் பிறந்த பங்கிலேயே பொதுவாக உரிமை ஏற்பட்டதால், பேறுகாலத்துக்கு முன்பே தாயை அகற்றிவிட அதிகாரிகள் விரைந்தார்கள். ஒரு பங்கின் வரியைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட இந்தக் கொடுமையை அன்றைய வழக்கம் என்று கடந்துபோக என்னால் இயலவில்லை.

1795 க்குப் பிந்தைய தாள்களை வேறு விதமாக அணுக வேண்டும். நிவாரணம் உண்மையில் தேவைப்படும் வரை பொதுவாக எவரையும் வெளியேற்றக் கூடாது என்று அவ்வாண்டுச் சட்டம் கூறியது. மணமாகாத கர்ப்பிணிகளுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.