பொறிக்குள் காத்திருந்த பெண் பூச்சி

வேளாண்மை படிக்கும் அண்ணன் மகன் போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: "அத்தை, விமானத்திலிருந்து மருந்து தெளித்தார்களே, அது வேலை செய்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" நல்ல கேள்வி. அந்த நாட்களில் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மேற்குப் பகுதியில் அப்போது எங்கள் வீடு. பின்வேலியோரம் ஒரு வாட்டில் மரம். கோத்தகிரியில் நாங்கள் சீகை என்போமே, அதன் சொந்தம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெயின்டட் ஆப்பிள் அந்துப்பூச்சிக்கு அந்த மரம் என்றால் உயிர். 1999-இல் கிளென்டீன் பகுதியில் முதலில் அகப்பட்டது. அந்த நாட்டின் சொந்த மரமான கோவாயையும் விட்டுவைக்காது என்பதால் அடியோடு ஒழிப்பது என்று முடிவெடுத்தார்கள். 2002 ஜனவரியில் வான்வழித் தெளிப்பு தொடங்கியது.

தெளித்தது பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற, புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா. பி.டி. பருத்தியில் மரபணுவாக நுழைத்திருக்கிறார்களே, அந்தக் குடும்பத்து நஞ்சுதான். புழு இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும். காரத்தன்மையுள்ள அதன் குடலில் நஞ்சு கரைந்து குடற்சுவரைச் சிதைக்கும். முட்டையை ஒன்றும் செய்யாது. வெயில் பட்டால் சில நாட்களிலேயே வீரியம் போய்விடும். எனவே ஒரு முறை தெளித்து முடிகிற காரியமில்லை. முட்டை பொரிந்து புதுப் புழுக்கள் வர வர, மறுபடியும் மறுபடியும் தெளிக்க வேண்டியிருந்தது.

விமானம் வரும் காலையில் குழந்தையைத் தோழி வீட்டில் விட்டுவிடுவேன். திரும்பி வரும்போது கார்க் கண்ணாடியில் பிசுபிசுப்பான பழுப்புப் புள்ளிகள் இருக்கும், புளித்த மாவின் வாசனையோடு. ஒரு முறை துணிக்கொடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் வாட்டில் கிளைகளுக்கு நடுவே இன்னொன்றையும் கிளிப் போட்டு வைத்தேன். கொடியில் இருந்ததில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. மரத்துக்குள் இருந்ததில் விரல்விட்டு எண்ணிவிடலாம். புழு இருப்பதோ மரத்துக்குள். அன்று எனக்கு உண்மையாகவே கவலை வந்தது.

விஞ்ஞானிகளும் துளிகளை எண்ணினார்கள். தெளித்த இலைகளைப் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தெருவைத் தெளிக்காமல் விட்டுவைக்க முடியாது. விட்டால் அங்கிருந்தே மறுபடி பரவும். கடைசியில் நம்பியது பொறிகளைத்தான்.

எங்கள் மரத்திலும் ஒன்று தொங்கியது. கூடாரம் போன்ற அட்டை, அடியில் பசை, நடுவில் சிறு வலைக்கூண்டு. கூண்டுக்குள் உயிருள்ள பெண் பூச்சி ஒன்று. இறக்கை கிடையாது, புளியங்கொட்டை அளவில், உடல் முழுவதும் பழுப்பு மயிர். இந்தப் பூச்சியின் இனக்கவர்ச்சிப் பொருள் நிலையற்றது, செயற்கையாகச் செய்து பொறியில் வைத்தால் நிற்காது. ஆகவே வளர்த்த பெண் பூச்சிகளையே வைத்தார்கள். எங்காவது ஓர் ஆண் மிஞ்சியிருந்தால் அவளைத் தேடி வந்து பசையில் ஒட்டிக்கொள்ளும். பொறியைப் பார்க்க வருபவர் குனிந்து உள்ளே பார்ப்பார், ஏட்டில் ஏதோ எழுதுவார். "இருக்கிறதா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேட்பேன். தலையை ஆட்டுவார், இல்லை என்று.

இனம் பெருகாமலிருக்க, 2003-இல் கதிர்வீச்சில் மலடாக்கிய ஆண் பூச்சிகளையும் விட்டார்கள். 2004-இல் தெளிப்பு நின்றது; பொறி பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறிகள் வெறுமையாக இருக்கின்றனவா என்று காத்திருந்துவிட்டு, 2006-இல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்தப் பொறுமையை இன்றும் மதிக்கிறேன். ஆனால் தெளிப்புக்குக் கீழே வாழ்ந்த மக்களின் உடல்நிலை இதே அக்கறையோடு கவனிக்கப்படவில்லை. 2007-இல் நாட்டின் ஆம்புட்ஸ்மன் (அரசு மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) அறிக்கையும் அந்தக் குறையைச் சொன்னது. பூச்சியை ஒன்று ஒன்றாக எண்ணியவர்களால் இருமலையும் எண்ணியிருக்க முடியும்.

அந்த இரண்டு காகிதங்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. புள்ளிகள் மங்கிவிட்டன, ஆனாலும் தெரிகின்றன. ஸ்கேன் செய்து இன்றிரவு அவனுக்கு அனுப்புகிறேன்.